டோல் கட்டினால்தான் இடம்

ஹெச்.ஆர். சாரின் ஃபோன் மேசைமேல் அதிர்ந்தது. திரையைப் பார்த்தார். "எக்ஸ்கியூஸ் மீ" என்று எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாகச் சுழன்று நின்றது.

அடுத்து நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும்.

லைன் லீடர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்து, கைக்குட்டையைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஹெச்.ஆர். சாரின் காலி நாற்காலிக்கு முன்னால், அவருடைய லேப்டாப்புக்கு நேராக, இரண்டு கைகளையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. கால் தானாகப் போனது.

பக்கத்தில் இருந்த பிளான்ட் மேடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் தொழிற்சாலைக்கே பெரியவர் அவர். "கௌரி, வாட் ஆர் யு டூயிங் தேர்?"

"ரிலீவர், மேடம்" என்றேன்.

ஒரு இடம் காலியானால்

எதற்காக அப்படிப் போய் நின்றேன் என்று புரிய வேண்டுமானால், எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சென்ற வாரம் ராயக்கோட்டைத் தக்காளி வண்டியில் ஏறி ஓசூர் வந்த கதையை எழுதியிருந்தேன். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் இது. வண்டிகளுக்கு வயர் பின்னித் தரும் தொழிற்சாலை.

ஒரு காருக்குள் எவ்வளவு வயர் ஓடுகிறது என்று ஏறி உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. தலைமுடி பின்னுவதுபோலத்தான் அந்த வேலை. பெரிய பலகை ஒன்று நகர்ந்துகொண்டே வரும். ஒருத்தி வயரைப் படிய வைப்பாள், அடுத்தவள் கனெக்டரில் செருகுவாள், அதற்கடுத்தவள் கறுப்பு டேப் சுற்றுவாள். செருகியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஒருமுறை மெல்லப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சரி. நாள் முழுக்க டேப்பின் பசை வாசனை விரலில் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தாலும் அது இருக்கும்.

பலகை யாருக்காகவும் நிற்காது. ஆனால் மனுஷிக்கு அவசரம் வருமே?

அதற்குத்தான் ரிலீவர். தலைக்கு மேலிருக்கும் மஞ்சள் விளக்கை ஒருத்தி போட்டால், நான் ஓடிப்போய் அவள் இடத்தில் நிற்பேன். அவள் போய்விட்டு வரும்வரை அவள் வேலை என் வேலை. வந்ததும் நகர்ந்துகொள்வேன். அதற்குள் இன்னொரு விளக்கு எரியும். எனக்கென்று ஒரு இடம் கிடையாது. எல்லோருடைய இடமும் என் இடம்.

வருஷக்கணக்கில் இப்படி நின்றால் உடம்பு ஒரு பழக்கத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் யார் எழுந்தாலும் கால் முன்னால் போகும். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் மைக் செட்காரர் தண்ணீர் குடிக்க நகர்ந்தபோது நான் போய் மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது பேச்சு. இடம் மாறும்போது ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியம் விட்டுவிட்டுப் போவாள். திருவண்ணாமலைப் பக்கத்து சசிகலா "போய்ட்டு வந்துடறேங்க்கா" என்பாள். சானமாவுக் காட்டோரத்திலிருந்து வரும் பசம்மா கன்னடத்தில் "ஹோக் பர்த்தீனி" என்பாள். ஆந்திராவிலுள்ள குப்பத்தில் பிறந்து, கல்யாணமாகி ஓசூர் வந்த நாகவேணி தெலுங்கில் "போயொஸ்தா" என்பாள். மூன்று பேச்சிலும் வெறுமனே 'போகிறேன்' கிடையாது. போகும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பேக்கரி வாசலில் குடும்பம்

என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு வேறொரு கம்பெனியில் எப்போதும் காலை ஷிஃப்ட். எனக்கு எப்போதும் இரண்டாம் ஷிஃப்ட். நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் பாப்பாவை யார் பார்ப்பது?

அவர் விடியற்காலையில் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் ஷிஃப்ட் முடிந்து வீடு வரும்போது அவரும் பாப்பாவும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். லீவு நாளிலும் ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடும். நாங்கள் மூவரும் விழித்த கண்ணோடு ஒன்றாக இருந்தது பாகலூர் ரோட்டில், ஒரு பேக்கரி வாசலில்தான். அவருடைய கம்பெனி பஸ் அங்கே நின்று அவரை இறக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் என் கம்பெனி பஸ் அங்கே நின்று என்னை ஏற்றிக்கொள்ளும். நடுவில் பாப்பா, யு.கே.ஜி. சீருடையில், கையில் ஒரு பன்னோடு.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

"சாவி இந்தாங்க. கொழம்பு அடுப்பு மேல இருக்குது. பாப்பாவுக்குக் காலைல லேசா சூடு அடிச்சிது, மருந்து குடுத்தேன். கேஸுக்குச் சொல்லியாச்சு."

"சரி. ஊட்டு ஓனர் மோட்டார் பத்தி என்னா சொன்னாரு?"

"நாளைக்குப் பாக்கலாம்னாரு. தோ, பஸ்ஸு வந்துட்ச்சு."

இவ்வளவுதான். பஸ் ஜன்னலில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் பன் வாசனை மட்டும் கூட வரும். ஒருநாளும் அவர் "அப்புறம்?" என்று என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. 'அப்புறம்' கேட்க அங்கே நேரம் இருந்ததில்லை.

ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அந்த வாயாடி தன் புருஷனிடம் பேசியதெல்லாம் பேக்கரி வாசலில் பேசியதுதான்.

உப்புமாவும் புட் அப் வித்தும்

இங்கிலீஷ் எங்களுக்குச் சுத்தமாகத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ரிஜெக்ட், ரீவொர்க், டார்கெட், பெண்டிங் எல்லாம் எங்கள் வாயில் தமிழாகவே ஆகிவிட்டவை. ஒற்றைச் சொல் வந்தால் சமாளிப்போம். அதற்கு ஒரு வால் முளைத்தால்தான் தடுமாற்றம்.

லுக் என்றால் பார். அது யாருக்குத் தெரியாது? லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள், லுக் ஃபார் என்றால் தேடு, லுக் இன்டு என்றால் விசாரி என்கிறார்கள். வாலை மாற்றினால் மாடே வேறாகிவிடுகிறது.

எங்கள் கேன்டீனில் ஒரு டிவி உண்டு. அதில் அன்றைய சாப்பாடு வரும், அடுத்து பாதுகாப்பு வாசகம் வரும். யாரோ ஒரு புண்ணியவான் அவற்றோடு 'இன்றைய இங்கிலீஷ்' என்று இந்த வால் சொற்களில் ஒன்றையும் சேர்த்துவிட்டார். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் பக்கத்துத் தளி ஊரிலிருந்து ஒரு கூடை ரோஜா வாங்கிப்போய்க் கொடுப்பேன்.

டிவியில் சாப்பாடும் சொல்லும் சேர்ந்தே வந்ததால் மனதிலும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன. 'ரன் அவுட் ஆஃப்' வந்தது சப்பாத்தி போட்ட நாள். கடைசி வரிசைக்குச் சப்பாத்தி தீர்ந்துபோயிருந்தது. அர்த்தம் யாருக்கும் மறக்கவில்லை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. அது வந்த அன்றைக்கு உப்புமா. அதற்கு யாரும் விளக்கமே கேட்கவில்லை.

"இந்த வெள்ளக்காரங்க ஏங்க்கா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாலு மாட்டி வக்கறாங்க?" என்று சலித்துக்கொண்டாள் நாகவேணி.

சசிகலா தட்டைக் கழுவியபடியே சொன்னாள்: "நமக்கு மட்டும் இல்லியா? போன்னா போ. போயிடுன்னா கோவம். போய்த் தொலன்னா சண்ட. போய்ச் சேந்தாருன்னா மாலை வாங்கணும்."

பசம்மா தண்ணீர் புரையேறச் சிரித்தாள். அன்றைக்கு அந்தக் கைகழுவும் இடத்தில் எனக்கு இங்கிலீஷ்மேல் இருந்த பயத்தில் பாதி போய்விட்டது. அவர்களும் நம்மைப்போலத்தான் பேசுகிறார்கள். வால் இருக்கும் இடம்தான் வேறு.

ஹைவேயில் எல்லோரும் கட்டுகிறார்கள்

மீதிப் பயத்தைப் போக்கத்தான் டோல் வைத்தேன்.

சும்மா விளையாட்டாகத்தான் தொடங்கியது. நாகவேணி போய்விட்டுத் திரும்பி வந்து, "நவுருங்க்கா" என்றாள். நான் நகரவில்லை. டேப் சுற்றிக்கொண்டே சொன்னேன்: "இன்னிக்கு டிவில வந்தத வச்சி ஒரு வாக்கியம் சொல்லு. சொன்னாத்தான் எடம்."

"இது என்னா அநியாயம்!"

"இந்த ஹைவேல டோல் கட்டாம யாரு போறா? கட்டு."

அன்றைய சொல் 'கெட் அலாங்'. ஒத்துப்போவது. நாகவேணி கூரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: "மீ அண்ட் மதர் இன் லா, வெரி குட் கெட் அலாங். ஷி இன் குப்பம். ஐ இன் ஓசூர்."

வரிசையே சிரித்தது. அவள் பிறந்த ஊரிலேயே மாமியாருக்கும் வீடு. அவள் ஓசூர் வந்தாள், அவர் அங்கேயே இருக்கிறார். நான் இடத்தை விட்டேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போகும்போது கேட்க மாட்டேன், அவசரத்தில் போகிறவளை மறிப்பது பாவம். வரும்போதுதான் வசூல். அவள் யோசிக்கும்வரை என் கை நிற்காது, பலகையும் நிற்காது. இலக்கணம் பார்க்கக் கூடாது. ஆனால் சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும். இரவல் வாக்கியம் செல்லாது.

அந்தக் கடைசி விதி போட்டதுதான் நான் செய்த நல்ல காரியம். தமிழில் சொல்லத் தயங்குவதையெல்லாம் அவர்கள் இங்கிலீஷில் சொன்னார்கள். உடைந்த பேச்சில் உண்மை சுலபமாக வெளியே வந்துவிடுகிறது.

'கிவ் அப்' என்றால் விட்டுவிடுவது. அன்றைக்கு சசிகலா வந்து நின்று, முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னாள்: "மண்டே, மை ஹஸ்பண்ட் கிவ் அப் பிராந்தி. டியூஸ்டே, ஹி கிவ் அப் தி கிவ் அப்."

சிரித்தோம். அவளும் சிரித்தாள். அன்றைக்கு பஸ்ஸில் நாகவேணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தானாகப் போய் உட்கார்ந்தாள், நான் எதுவும் சொல்லவில்லை.

பசம்மாவின் வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவளுக்குத் தமிழே பாதிதான் வரும். மழைக்கால நாள் ஒன்றில் அவள் ஊர்ப் பாதையில் யானைக் கூட்டம் இறங்கி, பஸ் எதுவும் போகவில்லை. வனத்துறைக்காரர்கள் ஆட்களை நிறுத்திவைத்து, சுற்றுவழியில் அனுப்பியிருக்கிறார்கள். அவள் வயல் வரப்பு வழியாகச் சுற்றி, யாரோ ஒருவரின் முட்டைக்கோஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு ஷிஃப்டுக்கு வந்து நின்றாள். அன்றைய சொல் 'டர்ன் அப்'. வந்து சேர்வது.

விளக்கைப் போட்டுப் போய், கால் கழுவிக்கொண்டு திரும்பினாள். நான் அன்றைக்கு டோல் கேட்கவில்லை. அவளே நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எலிஃபென்ட் டர்ன் அப். பஸ் நாட் டர்ன் அப். பசம்மா டர்ன் அப்."

அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் 'டர்ன் அப்' என்றால் பசம்மா. 'கெட் அலாங்' என்றால் நாகவேணி. யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அகராதியைச் சொல்ல மாட்டோம், ஆளைக் காட்டுவோம்.

எங்கள் லைன் லீடர் செல்வம் தம்பி ஒருநாள் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங்க்கா, இது லைனா, டியூஷன் சென்டரா? ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"பலகை நின்னுதா தம்பி?"

"நிக்கல."

"ரிஜெக்ட் ஏறிச்சா?"

அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "யு பீப்பிள் வேர் மீ அவுட்" என்றார். எங்களால் தேய்ந்துபோகிறாராம்.

"செல்வம் தம்பி டோல் கட்டிட்டாரு, வழி உடுங்க!" என்று கத்தினாள் சசிகலா.

போன தடவை வாயடைத்தது

இப்படி வசூல் பண்ணிக்கொண்டிருந்த நான் முதல் நேர்முகத் தேர்வில் என்ன செய்தேன் தெரியுமா? 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பேரைச் சொன்னேன். எந்த லைன் என்று சொன்னேன். மூன்றாவது வாக்கியம் வரவேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அது வேறு இடத்துக்கான தேர்வு, கிடைக்காததில் பெரிய வருத்தம் இல்லை.

இந்தத் தடவை அப்படி இல்லை. புதிதாக ஒரு லைன் போடுகிறார்கள், அது ஜெனரல் ஷிஃப்டில் மட்டும் ஓடும் என்றார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். பாப்பா ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள், பள்ளி முழுநாள். அவளைக் காலையில் நான் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், காலை ஷிஃப்ட் முடித்து அவர் அழைத்துவரலாம். சாயங்காலம் மூன்று பேரும் ஒரே வீட்டில். அந்த லைனின் லீடர் வேலை எனக்குக் கிடைத்தால்.

லீடராகிறவர் வாராவாரம் வெளியூர்க் கஸ்டமரோடு கணினியில் பேச வேண்டும், அதனால் இங்கிலீஷில்தான் தேர்வு என்றார்கள். பேக்கரி வாசலில் அவரிடம் சொன்னேன். பஸ் வந்துகொண்டிருந்தது. "நீ பேசுவ கௌரி" என்றார். அதற்குமேல் சொல்ல நேரமில்லை.

எங்கள் வரிசைக்கும் தெரியும் இது எதற்காக என்று. தேர்வன்றைக்கு என்னைவிட அவர்கள்தான் நடுங்கினார்கள். நாகவேணி என் நெற்றியில் விபூதி வைத்தாள். "அக்கா, அங்க ஒருத்தரும் உன்னாண்ட டோல் கேக்க மாட்டாங்க. நீயா கட்டு" என்றாள்.

நாற்காலிக்கு முன்னால்

கட்டவில்லை. 'டெல் அஸ் அபௌட் யுவர் டீம்' என்றார் மேடம். பேரைச் சொன்னேன். லைனைச் சொன்னேன். மறுபடியும் அதே குளிர்சாதனப் பெட்டிச் சத்தம். பேக்கரியும் பாப்பாவும் பன்னும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டுப் போயின. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஹெச்.ஆர். சாரின் ஃபோன் அதிர்ந்தது. அவர் எழுந்தார். நான் போய் நின்றேன்.

"ரிலீவர், மேடம்" என்று சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. திரும்பி ஓடலாம் என்றால் கால் வரவில்லை. இடத்துக்குரியவர் வராமல் இடத்தை விடக் கூடாது என்று அதற்குப் பழக்கமாகியிருக்கிறதே!

மேடம் கோபப்படவில்லை. "எக்ஸ்ப்ளெயின்" என்றார்.

நின்றதால் வந்த தைரியமோ என்னவோ, வாய் திறந்தது. உட்கார்ந்து பேச எனக்குத் தெரியாது. நின்றால் வரும். "சம்படி கோ, ஐ ஸ்டாண்ட். சம்படி கம் பேக், ஐ ஆஸ்க் டோல்."

"டோல்?"

அதற்குள் ஹெச்.ஆர். சார் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். தன் நாற்காலிக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றார். நான் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷ வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"டோல், சார். ஒன் சென்டென்ஸ்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பே அப், ப்ளீஸ்" என்றார். கட்டிவிடுங்கள் என்று அர்த்தம். அதுவும் ஒரு வால் சொல் என்று அப்புறம்தான் எனக்குத் தோன்றியது.

எந்த மாதிரி வாக்கியம் என்று நான் சொன்னேன். பாவம் அந்த மனிதர், நல்ல மனிதர். கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மை மதர் கால்ட். ஷி சேஸ், டோன்ட் புட் ஆஃப் யுவர் லஞ்ச்."

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்று அம்மா சொல்கிறார். சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த வாக்கியம். செல்லும். "தேங்க் யூ, சார்" என்று நகர்ந்து என் இடத்துக்கு வந்தேன். ஆனால் உட்காரவில்லை.

"நவ் டெல் மீ அபௌட் யுவர் டீம்" என்றார் மேடம், மறுபடியும்.

சொன்னேன். நாகவேணி கெட் அலாங் என்றேன். சசிகலா நெவர் கிவ் அப், ஒன்லி ஹஸ்பண்ட் கிவ் அப் என்றேன். பசம்மா டர்ன் அப் என்றேன். ஹெச்.ஆர். சாருக்குப் புரியவில்லை. 'ஹூ இஸ் பசம்மா?' என்றார். யானையைச் சொன்னேன், முட்டைக்கோஸ் வண்டியைச் சொன்னேன். இலக்கணம் எங்கெல்லாம் உடைந்ததோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று கேட்டார். ஒருநாள் ஒருத்தி வரவில்லை என்றால், லீடராக நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்கு நான் யோசிக்கவேயில்லை. "ஃபர்ஸ்ட் ஐ ஸ்டெப் இன், மேடம். தென் ஐ ஃபைண்ட் அவுட்."

முதலில் அவள் இடத்தில் நின்றுவிடுவேன். ஏன் வரவில்லை என்று அப்புறம் விசாரிப்பேன்.

மேடம் ஹெச்.ஆர். சாரைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் கதவுக்குப் போனபோது, பெங்களூர்த் தமிழில், "அந்த பசம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்கோ" என்றார்.

லெமன் சாதத்துக்குக் கீழே

முடிவு எப்படி வந்தது என்றால், நான் நாகவேணியின் இடத்தில் நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கேன்டீன் பக்கம் போனவள் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"டோல்" என்றேன்.

"அக்கா, யு மூவ் அப்."

"அது இன்னிக்கு டிவில வந்தது இல்லியே."

"வந்திருக்குதுக்கா! லெமன் சாதத்துக்குக் கீழ, புது லைன் லீடர்னு உன் பேரு வந்திருக்குது. போயி பாரு, நான் நிக்கறேன்!"

அது அவள் இடம்தான், அவள் நிற்பதில் அதிசயம் இல்லை. ஆனாலும் "நான் நிக்கறேன்" என்று அந்த வரிசையில் ஒருத்தி என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. டிவிக்கு முன்னால் போய் நின்றேன். சாப்பாடு வந்தது, பாதுகாப்பு வாசகம் வந்தது, என் பேர் வந்தது. கண் கலங்கித் திரை மங்கலாகிவிட்டதால் இன்னொரு சுற்று வரும்வரை நின்றேன்.

நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தங்கள் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட இந்தப் பெண்கள்தான். அவர்கள் சிறுநீர் கழிக்கப் போய்வந்த நேரத்தில் நான் படித்தேன். எழுத ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். அவர்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனை இந்தப் பத்திரிகையில் எழுதித்தான் சொல்ல முடிகிறது. நேரில் சொன்னால் "போதும் நவுருங்க்கா" என்பார்கள்.

அப்புறம்

ஜூனில் புதிய லைன் ஓடத் தொடங்கியது. பழைய வரிசையிலிருந்து சிலரை அங்கே மாற்றினார்கள். பசம்மா வந்தாள், ரிலீவராக.

முதல் நாள் மத்தியானம். கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு வெளியே போக வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் விளக்குப் போட்டதே இல்லை. தயங்கித் தயங்கிப் போட்டேன். பசம்மா வந்து நின்றாள்.

"ஹோக் பர்த்தீனி" என்றேன், அவள் பேச்சிலேயே. அவள் தலையாட்டினாள்.

திரும்பி வந்தபோது அவள் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டோல், அக்கா."

புதிய வரிசையே திரும்பிப் பார்த்தது. எல்லோரிடமும் வசூலித்தவள் நான், ஒருநாளும் கட்டியதில்லை.  கற்றதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மனதில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"டுடே ஈவினிங்... ஐ, மை ஹஸ்பண்ட், மை டாட்டர்... சிட் டவுன்."

"இது பாப்பா எல்.கே.ஜி.ல படிச்சது அக்கா!" என்று பசம்மா சிரித்தாள். புதிய பெண்களும் சிரித்தார்கள். பிறகு அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆய்த்து, ஆய்த்து" என்று, 'ஆச்சு, ஆச்சு' என்பதைக் கன்னடத்தில் சொல்லி இடத்தை விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் இருந்தது. பாப்பா வாசலில் ஷூவைக் கழற்றாமல் ஆடிக்கொண்டிருந்தாள். ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். தரையில் மூன்று தட்டு வைத்து உட்கார்ந்தோம்.

யாரும் பேசவில்லை. அவர் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை, நான் கேஸைப் பற்றிச் சொல்லவில்லை. எந்த பஸ்ஸும் வரப்போவதில்லை. ஊரையே பேசி ஓயவைக்கிற எனக்கு அன்றைக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பாப்பா அப்பளத்தை நொறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.